சார் வரலையா மேடம்?

"எனக்கு ஒரு சத்தம் கேட்கிறது" என்று ஒரு பெண் சொன்னால், எதிரில் இருப்பவர் அவளுக்கு எதைக் கடன்பட்டிருக்கிறார்? அவள் சொல்வதை அப்படியே நம்புவதையா? சொன்னதையெல்லாம் நம்பித்தான் ஆக வேண்டும் என்றால் உலகத்தில் எந்தப் பட்டறையும் நடக்காது. நம்ப வேண்டிய அவசியமே இல்லை என்றால் அவள் வாய் திறந்ததே வீண். இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று இருக்கிறது. அதற்குச் சரியான பெயர் என்ன என்று சில மாதங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. ஒரு மின்சாரக் காரின் இடது முன்சக்கரத்திலிருந்து வந்தது.

உளுந்தூர்பேட்டை வண்டிச் சத்தத்தில் வளர்ந்த ஊர். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில் சேலத்துக்கான சாலை பிரிவது இங்கேதான். ராத்திரி படுத்த இடத்திலிருந்தே, போவது லோடு ஏற்றிய லாரியா, காலி லாரியா, அரசுப் பேருந்தா, ஆம்னி பஸ்ஸா என்று சொல்லிவிடுகிற பெண்கள் இங்கே தெருவுக்கு நாலு பேர் உண்டு. நானும் அதில் ஒருத்தி. எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியை. பெட்ரோல் செலவைக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, வங்கிக் கடனில் மின்சாரக் கார் வாங்கினேன். ஓட்டுவது நான் ஒருத்திதான். என் கணவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

ஆறாவது மாதத்தில் சத்தம் ஆரம்பித்தது. ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் நகர்த்தும் அந்தக் கணத்தில், இடது முன்பக்கத்திலிருந்து 'டக்' என்று ஒரே ஒரு ஒலி. வேகத்தில் போய்க் காலை எடுக்கும்போதும் சில சமயம் வரும், வளைவில் திரும்பும்போது கொஞ்சம் கூடுதலாக. 'டக் டக்' இல்லை, 'கடகட' இல்லை. ஒரு டக். அதோடு நின்றுவிடும்.

பெட்ரோல், டீசல் வண்டியில் எஞ்சின் இரைச்சல் இதையெல்லாம் போர்வை போட்டு மூடிவிடும். மின்சாரக் காரில் அந்தப் போர்வை இல்லை. இன்னொன்றும் உண்டு. ஆக்சிலரேட்டரை மிதித்தால் மோட்டார் சக்கரத்தை இழுக்கிறது. காலை எடுத்தால் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தின் வேகத்தை வாங்கிக்கொண்டு பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புகிறது. ஒரே தண்டில் விசை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திரும்பிக்கொண்டே இருக்கிறது. கடைவீதியைத் தாண்டுவதற்குள் எத்தனை முறை என்று எண்ணி முடியாது. அந்தத் தண்டின் முனையில் இருக்கும் பற்கள் சக்கரத்தின் ஹப்புக்குள் உட்காருகின்றன. அங்கே மயிரிழை அசைவு இருந்தாலும் விசை திசை மாறும்போது தட்டும். பல நிறுவனங்களின் மின்சாரக் கார்களில் இந்த ஒலி வந்திருக்கிறது. கழற்றி, துடைத்து, அதற்குரிய பசை தடவி, புது நட் போட்டு, டார்க் ரெஞ்ச்சில் அளந்து முறுக்கினால் போய்விடும். அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. கேட்டது மட்டும் தெரியும்.

இன்னொரு ஒலியும் இருந்தது. ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டு வாசலில் நின்றால், முன்பக்கத்திலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். இரண்டையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வேறு ஊரில் இருக்கும் டீலரிடம் போனேன். அங்கே போய்த்தான் ஆக வேண்டும். எங்கள் ஊரில் பழைய அம்பாசிடரிலிருந்து டிராக்டர் வரை பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து, டாக்டர் மாதிரி கேட்பார். என் காரைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இது கரண்டு வண்டிம்மா, தொட்டா வாரண்ட்டி போயிடும்." அவர் சொன்னது நியாயம்தான்.

டீலரிடம் முதல் தடவை போனபோது கணவரும் கூட வந்தார், அந்த ஊரில் அவருக்கு வேறொரு வேலை இருந்ததால். சர்வீஸ் அட்வைசர் இருபத்தைந்து வயது இருக்கும் பையன், கையில் டேப்லெட். நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினான். பதில் சொல்லும்போது மட்டும் முகம் கணவர் பக்கம் திரும்பியது. "சார், ஈவில எஞ்சின் சத்தம் இல்லாததால சின்னச் சின்ன சத்தம்லாம் பெருசா கேக்கும் சார்." கணவர் சொன்னார்: "எங்கிட்ட சொல்லாதீங்க தம்பி, எனக்கு கிளட்ச் எது பிரேக் எதுன்னே தெரியாது. அவங்ககிட்ட சொல்லுங்க." இந்த வண்டியில் கிளட்சே கிடையாது என்பதும் அவருக்குத் தெரியாது. பையன் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது. சிரித்துவிட்டு மறுபடியும் அவரிடமே பேசினான்.

லேப்டாப்பைச் செருகிப் பார்த்தார்கள். எரர் கோடு எதுவும் இல்லை. ஜாப் கார்டில் நான் எழுதிக் கொண்டுபோன எட்டு வரி, 'ஃப்ரண்ட் சைடு நாய்ஸ், செக்டு, ஓகே' என்று சுருங்கியிருந்தது. ராத்திரி ரீங்காரத்துக்கு மட்டும் சரியான பதில் கிடைத்தது: சார்ஜ் ஆகும்போது பேட்டரி சூடாகாமல் இருக்கக் குளிர்விக்கும் திரவத்தைச் சுற்றிவிடும் பம்ப், அது இயல்பு. அந்தப் பதில் உண்மை. ஆனால் அது அடுத்த வரிக்குப் படிக்கட்டாக மாறியது. "பாத்தீங்களா மேடம், அதுவும் நார்மல்தான், இதுவும் நார்மல்தான்."

இரண்டாவது தடவை தனியாகப் போனேன். அப்போதுதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. நான் வாயைத் திறக்கும் முன்பே வந்தது. பிறகு, "அடுத்த தடவ சாரையும் கூட்டிட்டு வாங்க மேடம், அவர்கிட்ட ஓட்டிக் காட்டிடறோம்" என்றான். யாரிடம்? கிளட்ச் இல்லாத வண்டியில் கிளட்சைத் தேடுகிறவரிடம்.

அன்று காத்திருப்பு அறையில் கண்ணாடி வழியே ஒன்றைப் பார்த்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து, வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்றார். ஒரு டெக்னீஷியன் உடனே அவரோடு ஏறிப் போனார். பதினைந்து நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். "வண்டி ஓகே சார், நம்ம ரோடுதான் சாய்வு" என்றார் டெக்னீஷியன். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவருக்கு டீ வந்தது. அவர் சொன்ன கோளாறு வண்டியில் இல்லை. அதனால் அவருடைய மதிப்பு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அடுத்த மாதம் வந்து வலது பக்கம் இழுக்கிறது என்று சொன்னாலும் அவரோடு ஒருவர் ஏறிப் போவார்.

அந்த டீயைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆங்கிலேய மெய்யியலாளர் மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் எழுதிய நூல், அறிவு சார்ந்த அநீதி என்ற கருத்தைப் பரவலாக்கியது. ஒருவர் சொல்வதற்கு, அவர் யார் என்பதை வைத்து, உரியதைவிடக் குறைவான மதிப்பைக் கேட்பவர் தந்தால் அது வெறும் தப்புக்கணக்கு இல்லை, அநீதி என்கிறார் அவர். ஒரு மனிதரை 'அறிந்தவர்' என்ற இடத்திலிருந்து கீழே தள்ளுவது, அவருடைய மனிதத்தன்மையின் ஒரு பகுதியையே தட்டிப் பறிப்பது என்பது அவருடைய வாதம். அவர் இரண்டு உதாரணங்களைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார். ஒன்று, ஹார்ப்பர் லீயின் நாவலில் வெள்ளையர் நடுவர்குழு நம்ப மறுக்கும் கறுப்பினத்தவரான டாம் ராபின்சன். இன்னொன்று, 'தி டேலன்டட் மிஸ்டர் ரிப்ளி' கதையின் மார்ஜ். காதலன் காணாமல் போனதற்கு யார் காரணம் என்று அவள் சொல்வதை, அவனுடைய அப்பா பெண்ணின் உள்ளுணர்வு என்று ஒதுக்கிவிடுகிறார்.

இந்த நூலைக் கல்லூரி மாணவிகள் கட்டாயம் படிக்க வேண்டும் என்பேன். ஆனால் உதாரணங்களில் ஒரு வசதி இருக்கிறது. டாம் ராபின்சன் நிரபராதி. மார்ஜ் சொன்னது சரி. கதையைப் படிக்கும் நமக்கு அது முன்பே தெரியும். அதனால் நம்முடைய கோபம், உண்மையைச் சொன்னவரை நம்பவில்லையே என்ற கோபமாக எளிதில் கரைந்துவிடுகிறது. சர்வீஸ் சென்டரில் முன்பே யாருக்கும் எதுவும் தெரியாது. அங்கே கேள்வி வேறு: சரியா தவறா என்று தெரிவதற்கு முன்னால், சொன்னவளுக்கு என்ன உரியது?

நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். கண்ணகி சிலம்பை உடைத்தாள், மாணிக்கப் பரல் தெறித்தது, பாண்டியன் தேவியின் சிலம்பில் இருந்ததோ முத்து. வழக்கு முடிந்தது. பெண்ணின் நியாயம் வென்ற கதை என்று இதைப் பள்ளிக்கூடத்தில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உடைத்ததும் உள்ளே முத்து இருந்திருந்தால்? அப்போது பாண்டியன் செய்தது சரியாகிவிடுமா? ஆகாது. அவனுடைய குற்றம் தவறான முடிவுக்கு வந்தது மட்டுமில்லை. பொற்கொல்லன் சொன்னதும், விசாரிக்காமல் ஆளை அனுப்பியது அதற்கு முந்திய குற்றம். சிலம்புக்குள் எந்தப் பரல் இருந்தாலும் அந்தக் குற்றம் அப்படியேதான் இருக்கும். நாம் பரலைக் கொண்டாடிக் கொண்டாடி, விசாரணையை மறந்துவிட்டோம். தவிர, கண்ணகியின் கையில் சிலம்பு இருந்தது, உடைக்க முடிந்தது. என்னால் ஹப்பை உடைத்துக் காட்ட முடியுமா? அதைத் திறக்கும் உரிமை, கோளாறே இல்லை என்று சொல்கிறவரிடம் மட்டும்தான் இருக்கிறது.

நம்பிக்கை எனக்கு வேண்டாம். என்னோடு ஒருவர் வண்டியில் ஏற வேண்டும், அவ்வளவுதான். சந்தேகத்தோடே ஏறட்டும். சாலைதான் சாய்வு என்று கடைசியில் சொல்லட்டும். அப்படிச் சொன்ன பிறகும் அடுத்த முறை ஏறட்டும். தவறாகச் சொல்லிவிட்டால் ஆணுக்கு என்ன நஷ்டமோ அதே நஷ்டம்தான் எனக்கும் வர வேண்டும். பம்ப் ஒலி இயல்பானது என்று தெரிந்ததால் என்னுடைய மற்ற வாக்குமூலம் செல்லாது என்று ஆகக்கூடாது. பெண்கள் ஒரு குறையைச் சொல்வதற்கு முன் பத்து முறை சரிபார்ப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு முறை தவறினால், இனிமேல் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் சேர்த்து அபராதம் கட்ட வேண்டியிருக்கிறது. அதனால் உறுதியாகத் தெரிந்தால்தான் வாயைத் திறக்கிறோம். உறுதியாகத் தெரிவதற்குள் பேரிங் போய்விடுகிறது. கார் பேரிங்கை மட்டும் சொல்லவில்லை. மார்பில் தட்டுப்பட்ட சிறு கட்டியைப் பற்றி டாக்டரிடம் கேட்கத் தயங்கி, நன்றாகத் தெரியட்டும் என்று காத்திருந்த பெண்களையும் எனக்குத் தெரியும்.

அந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் மீது கோபப்படுவது எனக்குச் சுலபம், கார் வாங்க வழி இருக்கிற அரசு ஊழியை நான். அவன் டிப்ளமோ முடித்துவிட்டுச் சொற்பச் சம்பளத்தில் நாளுக்கு இத்தனை கார் என்று கணக்குக் காட்ட வேண்டியவன். வாரண்ட்டி வேலைக்கான பணத்தை நிறுவனம்தான் டீலருக்குத் தருகிறது. அதற்குக் காரணமும் ஆதாரமும் காட்ட வேண்டும். தேடிப் பார்த்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், தேடிய நேரம் பெரும்பாலும் டீலரின் தலையில் விடியும். ஆக, 'எல்லாம் நார்மல்' என்பது அவனுக்கு எல்லா வகையிலும் மலிவான வாக்கியம். ஃபிரிக்கர் கேட்பவரின் நற்குணத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார். நற்குணம் உள்ள பையனாகவே இருந்தாலும், தேடுவதற்குக் காசு தராத ஏற்பாட்டில் அவன் யாரைத் தேடாமல் விடுவான்? அதட்டிக் கேட்க மாட்டார்கள் என்று அவன் நினைக்கிறவர்களைத்தான். முன்முடிவு அங்கேதான் வேலைக்கு வருகிறது. எங்கே சிக்கனம் பிடிக்கலாம் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

அமெரிக்காவில் மேகன் புஸ், ஆயலெட் இஸ்ரேலி, ஃப்ளோரியன் செட்டல்மேயர் மூவரும் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குப் பொருத்தமானது. கார் பழுது பார்க்கும் கடைகளுக்குப் போன் செய்து ஒரே வேலைக்கு விலை கேட்க வைத்தார்கள். விலை எவ்வளவு இருக்கும் என்று தனக்குத் தெரியாது என்று சொன்னபோது, பெண் குரலுக்கு ஆண் குரலைவிட அதிக விலை சொல்லப்பட்டது. சந்தை விலையைக் குறிப்பிட்டுப் பேசியபோது வித்தியாசம் மறைந்துவிட்டது. இதைப் படித்துவிட்டு, பெண்கள் தெரிந்துகொண்டு போனால் போதும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் படுவது வேறு. ஆணுக்குத் தெரியாமல் இருக்க அனுமதி உண்டு. எனக்கு அது இல்லை. அவன் ஒன்றும் தெரியாமல் போய் நிற்கலாம், நான் படித்துவிட்டுப் போக வேண்டும்.

சரி, படித்துவிட்டே போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சொல்லில் சொல்வது? தமிழில் ஒலிக்குச் சொல் பஞ்சமே கிடையாது. நறநற, மொறமொற, சலசல, கிணுகிணு, கடகட, கிறீச். கிரைண்டரில் பெல்ட் நழுவினால் ஒரு சத்தம், மிக்ஸியின் புஷ் தேய்ந்தால் வேறு சத்தம், கிணற்றில் தண்ணீர் இறங்கி மோட்டார் காற்றை இழுத்தால் இன்னொன்று. என் மாமியார் அடுக்களையில் இருந்தபடியே, "மோட்டார நிறுத்துங்க, காத்து இழுக்குது" என்று குரல் கொடுப்பார். அவர் சொல்லி மோட்டார் தப்பித்தது எத்தனை முறை! அதை யாரும் தொழில்நுட்ப அறிவு என்று சொன்னதில்லை. வீட்டு வேலையில் கிடைத்த காது, வீட்டு வேலையைப் போலவே கணக்கில் வருவதில்லை. டேப்லெட்டில் இருந்ததோ 'நாய்ஸ்' என்ற ஒரே பெட்டி. 'ஒரு டக்' என்பதற்கும் 'டக்டக்' என்பதற்கும் உள்ள தூரத்தில்தான் கோளாறு எது என்பதே இருக்கிறது. இரட்டித்தால் சுழலும் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கலாம், ஒற்றை என்றால் திசை மாறும்போது ஏதோ ஒன்று நகர்கிறது. அந்த ஒற்றையும் இரட்டையும் ஜாப் கார்டுக்குள் நுழையவில்லை. காரில் வேலை செய்யப்போகும் டெக்னீஷியன் என்னைப் பார்ப்பதே இல்லை, அவர் பார்ப்பது அந்த மூன்று சொற்களை.

இயந்திரத்தின் சாட்சி வேறு இருக்கிறதே. லேப்டாப்பில் கோடு வரவில்லை என்றால் கோளாறு இல்லை. ஆனால் அந்தக் கணினி கேட்பதெல்லாம் மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பம், சுழலும் வேகம். ஹப்புக்குப் பக்கத்தில் காது எதுவும் வைக்கப்படவில்லை. தெரியாத விஷயத்தில் மௌனமாக இருக்கும் இயந்திரத்தின் மௌனம், தெரிந்து பேசும் பெண்ணின் பேச்சைவிடக் கனமாக இருந்தது. வேடிக்கை என்னவென்றால், நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் மின்சாரக் காரைப் பெண்களுக்கான கார் என்றே விளம்பரம் செய்தார்கள். புகை இல்லை, சத்தம் இல்லை, கையால் சுழற்றி ஸ்டார்ட் செய்யும் தொல்லை இல்லை. பெட்ரோல் கார்களாகச் செய்து குவித்த ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே டெட்ராய்ட் எலக்ட்ரிக் கார்தான் ஓட்டினார். சத்தமில்லாத வண்டி சத்தம் போடாத பெண்ணுக்கு என்று யாரோ பொருத்தம் பார்த்திருக்கிறார்கள்.

ஒருவரைப் பற்றி அவரே சொல்வதை ஏற்காமல் சான்றிதழ் கேட்கும் வழக்கத்தைப் பற்றி எழுதும்போது, எங்கள் உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இருக்கும் கூவாகத்தை நினைக்காமல் இருக்க முடியாது. சித்திரையில் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து திருநங்கைகள் வருகிறார்கள். 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில், தன் பாலினம் எது என்பதைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றது. ஐந்தே ஆண்டில், 2019இல் வந்த சட்டம் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னது. என் காரின் டக்கையும் அவர்களுடைய வாழ்க்கையையும் ஒரே தராசில் வைக்கவில்லை, அது அபத்தம். உன்னிடமிருந்து உன்னைப் பற்றிக் கேட்க மாட்டேன், உன் சார்பில் வேறொருவர் வந்து சொல்லட்டும் என்ற வாக்கியத்தின் அமைப்பு மட்டும் ஒன்றாக இருக்கிறது. திருநங்கைகள் அதை எதிர்த்துத் தெருவில் நின்று போராடினார்கள். அதில் நாம் கற்க நிறைய இருக்கிறது.

இனி, அந்த வேறொருவர் என்ற விஷயம். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் கணவர் கேட்டார்: "நான் வந்து எனக்கும் கேக்குதுன்னு சொல்லிடட்டுமா?" அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் போனைப் பார்ப்பவர். என் உண்மையைச் செல்லுபடியாக்க அவர் ஒரு பொய் சொல்லத் தயாராக இருந்தார். அன்பினால்தான்.

இந்த இடம் எனக்கு எளிதாக இல்லை. வேண்டாம் என்றேன், ஆனால் வேண்டாம் என்பதற்கு எனக்கு வசதி இருந்தது. எலவனாசூர்கோட்டைக்குப் பேருந்து உண்டு. காரில் என்னோடு வரும் இரண்டு ஆசிரியைகளிடம், சக்கரத்தில் என்ன என்று தெரியும் வரை வராதீர்கள் என்று சொல்லிவிட்டேன். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் துணி எடுத்துப்போய் ஊர் ஊராக விற்கிறார். பேட்டரி பாதி வழியில் நின்றுபோகிறது என்று நாலு முறை தனியாகப் போய்ச் சொன்னார். ஐந்தாவது முறை பிளஸ் டூ படிக்கும் மகனைக் கூட்டிப் போனார். அன்றே பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பையன் வாயைத் திறந்ததுகூட இல்லையாம். அவரை யார் குறை சொல்ல முடியும்? ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வியாபாரம் போச்சு. கொள்கையின் செலவை யார் தாங்க முடியுமோ அவர்கள் தாங்கட்டும். ஆண் குரலை இரவல் வாங்குகிற பெண்ணிடம் போய் நீதி பேசுவது, அநீதிக்கான பில்லையும் அவளிடமே நீட்டுவது.

இருந்தாலும் இரவல் குரலுக்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அந்த அக்காவின் ஸ்கூட்டர் சரியானதிலிருந்து அந்தக் கடை என்ன கற்றுக்கொண்டது? ஆண் வந்தால் பார்க்க வேண்டும் என்பதைத்தான். நாலு முறை வந்த பெண் சொன்னது சரியாக இருந்தது என்ற பாடம் அவர்கள் கணக்கில் ஏறவே இல்லை. அவர் சொன்னதற்கும் பழுது கண்டுபிடிக்கப்பட்டதற்கும் நடுவில் ஒரு பிளஸ் டூ பையன் நின்றுகொண்டிருக்கிறான். அடுத்து வரும் பெண் மறுபடியும் ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். என்னால் காத்திருக்க முடியும் என்பதால்தான், காத்திருக்க வேண்டியவள் நான் என்று தோன்றியது.

மூன்றாவது முறை போவதற்கு முன், சட்டத்தைக் கொஞ்சம் புரட்டினேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் 34ஆவது பிரிவின்படி, பொருள் வாங்கிய ஊருக்கு அலைய வேண்டியதில்லை, நாம் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்துக்கு உரிய மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 1915 என்ற உதவி எண் இருக்கிறது. என் மனதுக்குப் பிடித்தது 38ஆவது பிரிவு. சோதித்துப் பார்க்காமல் கண்டுபிடிக்க முடியாத குறை என்றால், பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்கிறது. அதாவது, புகார் சரி என்று தெரிந்தால்தான் சோதிப்போம் என்று சட்டம் சொல்லவில்லை. தெரியாததனால்தான் சோதிக்கச் சொல்கிறது. இரண்டு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த அந்த நடுவிலிருக்கும் ஒன்றை, சட்டப் புத்தகம் அலட்டிக்கொள்ளாமல் எழுதி வைத்திருந்தது.

வழக்குக்குப் போகும் தேவை வரவில்லை. மூன்று வாரம் ஒரு நோட்டில் தேதி, ஓடிய கிலோமீட்டர், மழையா வெயிலா, எந்த வேகத்தில், எத்தனை முறை என்று குறித்து எடுத்துப்போனேன். கார்டில் 'ஓகே' என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன், நான் சொல்வதை நான் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள் என்றேன். "டக்குன்னு எப்படி மேடம் டைப் பண்றது?" என்றான் பையன். தமிழில் பண்ணுங்கள் தம்பி என்றேன். சார் வரவில்லை, வண்டியில் என்னோடு டெக்னீஷியன் ஏறினால் போதும், நான் ஓட்டுகிறேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும் என்றேன். பின்னால் இரண்டு கார் நின்றதாலோ என்னவோ, ஒப்புக்கொண்டான்.

டெக்னீஷியனும் சின்ன வயதுதான். சர்வீஸ் ரோட்டில் ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, ரிவர்ஸ் எடுத்து முன்னால் நகர்த்தினேன். ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மூன்றாவது முறை ஸ்டியரிங்கை இடதுபக்கம் முழுக்க ஒடித்து நகர்த்தியபோது வந்தது. அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "இன்னொரு தடவ" என்றார். பிறகு, "டிரைவ் ஷாஃப்ட் மேடம், ஹப் பக்கம்" என்றார். அரைமணி நேர வேலை. பழைய நட்டைக் கையில் கொடுத்தார், வீட்டில் வைத்திருக்கிறேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "இதே சத்தத்த போன மாசம் இன்னொரு மேடம் சொன்னாங்க. கார்டுல நாய்ஸ்னு மட்டும் இருந்துச்சு, எனக்கு என்ன தேடறதுன்னு தெரியல. அவங்க அப்புறம் வரல."

அட்வைசரிடம் போய், அந்த அம்மாவைக் கூப்பிடுங்கள் என்றேன். வாடிக்கையாளர் விவரத்தைத் தர முடியாது என்றான். எனக்குத் தர வேண்டாம், நீங்கள் கூப்பிட்டு இடது முன்சக்கர ஹப்பைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள் என்றேன். "பாக்கலாம் மேடம்" என்றான். பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அங்கேயே உட்கார்ந்து, கருத்துப் படிவத்தில் மார்க் போடும் இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, அவர் சொன்ன சத்தம் என்ன, எங்கே, எதைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று முழுப் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். வாரம் ஒரு முறை போன் செய்து, கூப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இது எழுதும் வரை ஐந்து முறை கேட்டாயிற்று.